வெற்று அடைவும் ‘வழக்கில் இல்லை’ என்னும் முடிவும்

மொழியியல் ஆய்வேடுகளில் மிக எளிதாக எழுதப்படும் தொடர் ‘இவ்வடிவம் தரவில் காணப்படவில்லை’ என்பது. ஒரு வடிவம் உண்டு என்று சொல்பவர் எடுத்துக்காட்டுத் தரவேண்டும். பேசியவரின் ஊர், வயது, பதிவு செய்த நாள் ஆகியவற்றையும் தரவேண்டும். இல்லை என்று சொல்பவரிடம் எவரும் எதையும் கேட்பதில்லை. வாய்மொழித் தேர்வில்கூட அந்தத் தொடர் கேள்வியின்றிக் கடந்துபோகிறது. இன்று அந்த ‘இல்லை’யைச் சொல்வது பெரும்பாலும் ஆய்வாளரின் கண் அன்று, அவர் எழுதிய, அல்லது நண்பர் எழுதித் தந்த, இருபது வரி நிரல். அந்நிரல் தேடிப் பார்த்த இடத்தில் அந்த நேரத்தில் தரவு இருந்ததா என்பதை யார் சரிபார்த்தார்?

புனேயின் வடமேற்கே, இஞ்சவடி மென்பொருள் பூங்காவை அடுத்துள்ள வாகட் பகுதியில், பல மாநிலத்தவரோடு தமிழரும் வாடகைக்குக் குடியிருக்கின்றனர். அங்கே ஓர் அடுக்ககத்தில், மென்பொருள் வேலையிலிருக்கும் அண்ணன் வீட்டில் தங்கி ஆய்வேட்டை எழுதி முடிக்கும் ஒரு மாணவி இருப்பதாகக் கொள்க. ‘கொண்டு’ என்னும் துணைவினை பேச்சில் ‘கிட்டு’ என்றும் ‘ண்டு’ என்றும் இன்னும் பலவாறும் குறுகும். அக்குறுக்கங்களுள் அரிதான ஒன்று எந்த வட்டாரத்தில் வழங்குகிறது என்பதே அவர் ஆய்வு. நெல்லைப் பதிவுகள் மடிக்கணினியின் உள்வட்டில் உள்ளன. ஒலிக்கோப்புகள் இடத்தை அடைப்பதால், கொங்குப் பதிவுகளும் அவற்றின் எழுத்துப்பெயர்ப்புகளும் ஒரு வெளிவட்டுக்குப் போய்விட்டன. ‘தரவு’ என்னும் அடைவுக்குள் ‘கொங்கு’ என்று ஓர் அடைவைத் தம் கையால் உருவாக்கி, மவுண்ட் கட்டளையால் வெளிவட்டை அதில் பொருத்தினார். தேடல் ஓடியது, எல்லாம் கிடைத்தன.

அன்றிரவு கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டு மறுதொடக்கம் ஆயிற்று. மறுநாள் திருத்திய நிரலை ஓட்டினார். வட்டு கம்பியோடு இணைந்தே இருந்தது. அதன் விளக்கும் எரிந்தது. ‘கொங்கு’ அடைவும் இருந்தது, அவர் உருவாக்கியதாயிற்றே. ஆனால் நேற்றைய பொருத்தம் இல்லை. அடைவு வெற்றாக இருந்தது. நிரல் உள்ளே சென்று பார்த்து, ஒன்றும் இல்லாமையால் ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தது. அட்டவணையில் நெல்லைக்கு எண்கள் நிறைந்தன, கொங்குக்குச் சுழியம். ஆய்வாளருக்கு இதைவிட அழகான முடிவு வேறு உண்டா? ஒரு வட்டார எல்லைக்கோடே அகப்பட்டுவிட்டது. அதை வைத்து நிலப்படம் வரையலாம். ஓர் இயலே எழுதலாம்.

முழுத் தரவும் காணாமற்போயிருந்தால் எவரும் ஐயுற்றிருப்பர். பாதி மட்டும் காணாமற்போனதால்தான் அது கண்டுபிடிப்பாகத் தோன்றுகிறது. ‘இவ்வளவு பெரிய பிழை கண்ணில் படாதா’ என்று கேட்போர் தாங்கள் பயன்படுத்தும் கருவிகளைப் பார்த்திருக்கமாட்டார்கள். பைத்தான் மொழியில் அடைவுகளை வலம்வரும் ‘ஓஎஸ் வாக்’ என்னும் செயற்கூறு, கொடுத்த அடைவே இல்லாவிட்டாலும் பிழை என்று கூறாது. எதையும் தராமல் அமைதியாக முடிந்துவிடும். கோப்புப் பெயர்களைத் தேடும் ‘குளோப்’ வெற்றுப் பட்டியலைத் தரும். இவற்றைப் பொறுத்தவரை வெறுமையும் ஒரு விடைதான்.

பொருத்தம் என்பது என்ன என்று மொழித்துறைகளில் எங்கும் சொல்லித்தரப்படாததால் இங்கே சொல்லவேண்டியுள்ளது. விண்டோஸில் சி, டி என ஒவ்வொரு வட்டுக்கும் ஓர் எழுத்து உண்டு. யுனிக்ஸ் மரபில் எல்லாம் ஒரே மரம். வேரிலிருந்து கிளைக்கும் அடைவுகள். ஒரு வட்டிலுள்ள கோப்பு முறைமை அம்மரத்தின் ஏதேனும் ஓர் அடைவில் வந்து பொருந்துகிறது. பொருந்தியிருக்கும் வரை, அந்த அடைவில் முன்பு இருந்தவை மறைந்து வட்டிலுள்ளவை தெரியும். பிரித்தால் பழையவை மீண்டும் தெரியும். எந்தக் கோப்பும் இடம்பெயர்வதில்லை, நகலும் எடுக்கப்படுவதில்லை. எது எங்கே பொருந்தியுள்ளது என்பது கர்னல் தன் நினைவில் வைத்திருக்கும் ஒரு பட்டியல். கணினி அணைந்தால் அப்பட்டியல் அழியும். அடுத்த முறை அதை மீண்டும் உண்டாக்க, எங்காவது எழுதிவைத்திருக்கவேண்டும். லினக்ஸில் அது எழுதப்படும் இடம் ‘ஈடிசி’ அடைவிலுள்ள எஃப்எஸ்டேப் என்னும் கோப்பு.

செய்வதும் நிலைக்கச் செய்வதும் இரு வேறு செயல்கள். 1971ஆம் ஆண்டின் முதல் யுனிக்ஸ் கையேட்டிலேயே மவுண்ட் கட்டளை உண்டு. எஃப்எஸ்டேப் கோப்பு 1980இல், 4.0 பிஎஸ்டி பதிப்பில்தான் வந்தது. இன்றும் இரண்டும் தனித்தனியே நிற்கின்றன. மவுண்ட் கட்டளையை இட்டால் எஃப்எஸ்டேப் மாறுவதில்லை. எஃப்எஸ்டேப்பில் ஒரு வரி சேர்த்தால் அப்போதே வட்டு பொருந்திவிடுவதும் இல்லை. பேச்சையும் இலக்கணத்தையும் வேறுபடுத்தி அறிந்தவர்களுக்கு இது புதிராக இருக்க நியாயமில்லை. ஆனால் இருக்கிறது. அதற்குத் தமிழ்ச்சொல்லும் ஒரு காரணம்.

தமிழ் இடைமுகங்களில் மவுண்ட் என்பதற்குப் பரவலாக வழங்கும் சொல் ‘ஏற்று’. மவுண்ட் பாயின்ட் ‘ஏற்றப்புள்ளி’ ஆயிற்று. இதே ‘ஏற்று’தான் பக்கம் திறக்கும்போது ‘ஏற்றப்படுகிறது’ என்று வருகிறது. கோப்பை இணையத்துக்கு அனுப்பும்போது ‘பதிவேற்று’ என்று வருகிறது. லாரியில் மூட்டையை ஏற்றினால் மூட்டை லாரியில் இருக்கும். பதிவேற்றிய கோப்பு மறுமுனையில் இருக்கும். ஆகவே ‘வட்டு ஏற்றப்பட்டது’ என்று திரையில் காணும் மாணவர், தரவு கணினிக்குள் வந்து சேர்ந்துவிட்டது, இனி அங்கேயே இருக்கும் என்று எண்ணுவாராயின், அவர் தமிழைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்.

இதற்காக மொழிபெயர்த்தவர்களைக் குறை கூறுவது நன்றிகெட்ட செயல். லினக்ஸ் இடைமுகங்களின் இந்திய மொழிப் பணியில் பெரும்பங்கு இதே புனேயில் நடந்தது. ரெட் ஹாட் நிறுவனத்தின் மொழிபெயர்ப்புக் குழு இங்கிருந்து இயங்கியது. லினக்ஸில் தமிழைப் படிக்கவைத்த லோகித் எழுத்துருக்களுக்கு மூலமும் புனேயைச் சேர்ந்த மாடுலர் இன்ஃபோடெக் நிறுவனம் உருவாக்கியவையே. ரெட் ஹாட் அவற்றை 2004இல் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது. முன்பின் தெரியாத ஒற்றைச் சொற்களை ஆயிரக்கணக்கில் தமிழாக்கியவர்கள், ஆங்கிலச் சொல்லின் பிறப்புக்கு உண்மையாகவே இருந்தனர். அக்காலப் பெருங்கணினிக் கூடங்களில் நாடாச் சுருளையும் வட்டுக் கட்டையும் பணியாளர் கையால் தூக்கிப் பொறியில் ஏற்றினர். அச்செயலின் பெயரே கட்டளையின் பெயராயிற்று. ஆனால் தமிழில் ‘ஏற்று’ வேறொரு வேலையில் முன்னரே அமர்ந்துவிட்டது. இதைக் கவனித்துச் சொல்லியிருக்கவேண்டியவர்கள் சொற்பொருளியல் கற்பிக்கும் துறைகளில் இருப்பவர்கள். கலைச்சொல் பற்றிக் கருத்தரங்கு நடத்தும் அளவுக்கு அவர்கள் கலைச்சொல் வழங்கும் திரையைப் பார்ப்பதில்லை.

‘பொருத்து’, ‘பிரி’ என்னும் இணை இதற்குத் தகும். குழாயைப் பொருத்தலாம், கழற்றலாம். பொருத்தியதால் தண்ணீர் இடம் மாறிவிட்டதாக எவரும் எண்ணமாட்டார். தேடுகோவைகளில் ‘பொருத்தம்’ என்பது வேறொன்றைக் குறிக்கிறதே என்று தடை எழுப்புவர். நியாயமான தடை. ஆயினும் அக்குழப்பத்தால் எவரும் ஒரு வட்டாரத்தின் தரவையே தொலைத்ததில்லை.

இனி, பெயரிடுதலுக்கு வருவோர் பெரும்பாலும் வழுக்கும் இடம். எஃப்எஸ்டேப்பில் ஒரு பொருத்தத்துக்கு ஒரு வரி. வரிக்கு ஆறு புலங்கள். முதற்புலம் ‘எது’, இரண்டாவது ‘எங்கே’, மூன்றாவது கோப்பு முறைமையின் வகை, நான்காவது தெரிவுகள். கடைசி இரண்டும் எண்கள், அவற்றால் தொல்லை குறைவு. தொல்லை முதற்புலத்தில். பலர் அங்கே ‘எஸ்டிபி1’ போன்ற பெயரை எழுதுகின்றனர். அப்பெயர் வட்டின் பெயர் அன்று. கர்னல் இந்தத் தொடக்கத்தின்போது வட்டுகளைக் கண்ட வரிசையில் வைத்த பெயர். நாளை வேறொரு பென்டிரைவ் முந்திக்கொண்டால் ‘எஸ்டிபி’ அதற்குப் போய்விடும். இலக்கணம் கற்றவர்களுக்குச் சுருங்கச் சொன்னால், இது சுட்டுப்பெயர். ‘அது’, ‘இது’ போலப் பேசும் சூழலுக்குள் மட்டும் பொருள் தருவது. கோப்பு முறைமையை உருவாக்கும்போதே அதன்மேல் எழுதப்படும் யூயூஐடி என்னும் அடையாளமே இயற்பெயர். ஈஎக்ஸ்டி4 வகைக்கு அது 36 எழுத்துருக்கள் கொண்டது. பழைய ஃபேட் வகைக்கு வெறும் எட்டு இலக்கம்.

வாகடில் குடியிருப்போருக்கு இவ்வேறுபாட்டை விளக்கவே தேவையில்லை. அங்கெல்லாம் வீட்டு ஒப்பந்தம் வழக்கமாக 11 மாதம். ‘மூன்றாம் மாடி, இடப்பக்கம்’ என்று மட்டும் எழுதிய அஞ்சல் இவ்வாண்டு ஒருவருக்கும் அடுத்த ஆண்டு இன்னொருவருக்கும் போய்ச் சேரும். பெயரெழுதினால் தேடியாவது கொடுப்பார்கள். (இயற்பெயருக்கும் ஓர் இடர் உண்டு: ஒரு வட்டை அப்படியே முழுநகல் எடுத்தால் இரண்டுக்கும் ஒரே யூயூஐடி. காப்புநகலையும் மூலத்தையும் ஒரே நேரத்தில் இணைத்துவிட்டுத் திகைப்போர் இதை நினைவில் கொள்ளவேண்டும்.)

எஃப்எஸ்டேப்பைத் தொடாதவர்கள் மேசைத்திரையின் தன்னியக்கப் பொருத்தத்தை நம்புகின்றனர். வட்டைச் செருகியதும் சாளரம் திறக்கிறதே, வேறென்ன வேண்டும்? அப்பொருத்தம் அமர்வுக்கு உரியது. உபுண்டுவில் ‘மீடியா’ அடைவின்கீழும், ஃபெடோராவில் ‘ரன்’ அடைவின்கீழும், பயனர் பெயரும் வட்டின் லேபிளும் சேர்ந்து ஒரு பாதை உருவாகும். பிரித்ததும் அது மறையும். அதே லேபிள் கொண்ட இன்னொரு வட்டு முன்னரே இருந்தால் பின்னதன் பாதையில் ஓர் ‘1’ ஒட்டிக்கொள்ளும். இப்படிப் பிறந்த பாதையை நிரலுக்குள் எழுதி, அந்நிரலை ஆய்வேட்டின் பின்னிணைப்பாகவும் அச்சிடுவது, ‘நேற்று மேசைமேல் கிடந்த நூல், பக்கம் 40’ என்று அடிக்குறிப்பு எழுதுவதற்கு நிகர். வாகட் மாணவியின் கதையில் இது குழப்பத்தைக் கூட்டவே செய்யும்: மறுதொடக்கத்துக்குப் பின் மேசைத்திரை வட்டை வேறொரு பாதையில் தானே பொருத்தியிருக்கக்கூடும். கோப்பு மேலாளரில் கொங்குப் பதிவுகள் எல்லாம் கண்முன் தெரியும்; நிரல் பார்க்கும் அடைவு மட்டும் வெறிச்சோடிக் கிடக்கும்.

எல்லாரும் எளிதாகத் தரும் ஓர் அறிவுரையோடும் இங்கே மோதவேண்டியுள்ளது. எஃப்எஸ்டேப்பில் எழுதிய வட்டு தொடக்கத்தின்போது இல்லையென்றால், சிஸ்டம்டி வழக்கமாக 90 நொடி காத்திருந்து, பிறகு கணினியை அவசரநிலைக் கட்டளைத்திரையில் நிறுத்திவிடும். இதைக் கண்டு அஞ்சியவர்களுக்கு, தெரிவுகளில் ‘நோஃபெயில்’ என்று சேர்த்துவிடுமாறு சொல்வது வழக்கம். சேர்த்தால் வட்டு இல்லாமலே கணினி தொடங்கும். எவரும் எதையும் அறியார். பொருத்தப்படாத வெற்று அடைவு கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருக்கும். நிரல் அதற்குள் நுழைந்து ‘இல்லை’ என்று அறிவிக்கும். அலுவலகக் கணினிக்கு ‘நோஃபெயில்’ நல்லது. தரவு வட்டைச் சுமக்கும் ஆய்வுக் கணினிக்கு, வேறு காவல் எதுவும் இன்றி அதை மட்டும் தருவது தீங்கு. நின்றுபோன கணினி எரிச்சலூட்டும். ஓடிக்கொண்டே பொய்சொல்லும் கணினி ஆய்வைக் கெடுக்கும். இரண்டில் ஒன்றைத் தேரச் சொன்னால், நின்றுபோவதைத் தேர்வதே ஆய்வாளருக்கு அழகு.

படிப்பது மட்டுமன்று, எழுதுவதிலும் இடர் உண்டு. வட்டு பொருந்தாத நேரத்தில் நிரல் அந்த அடைவில் முடிவுகளை எழுதினால் அவை உள்வட்டில் போய் அமரும். பிறகு வட்டைப் பொருத்தியதும் அம்முடிவுகள் அதன் அடியில் மறைந்துபோகும். அழியவில்லை, ஆனால் தேடினாலும் கிடைக்கா. ‘கணினி தின்றுவிட்டது’ என்று ஆய்வகங்களில் புலம்பப்படும் கோப்புகளில் சில இவ்வாறு அடியில் கிடப்பவையே. இதற்குத் தடுப்பு மிக எளிது: பொருத்துவதற்கு முன்பே அவ்வெற்று அடைவை, ‘சிஹெச்ஏட்டர்’ கட்டளையால் மாற்றவியலாததாக்கிவிடலாம். பொருத்தம் இருக்கையில் அது எதையும் தடுக்காது. இல்லாத வேளையில் ஒரு சொல்லும் உள்ளே எழுதவிடாது.

‘இவையெல்லாம் தொழில்நுட்பப் பணியாளரின் வேலை, மொழி ஆய்வாளர் ஏன் மெனக்கெடவேண்டும்’ என்பது மறுதரப்பின் முதன்மை வாதம். இதற்கு ஓரளவு வலு உண்டு. தேசிய மீக்கணினித் திட்டத்தில் 2019இல் புனே ஐசர் நிறுவனத்தில் நிறுவப்பட்ட பரம் பிரம்மா போன்ற பொறிகளில் பயனர் எவரும் எஃப்எஸ்டேப்பைத் தொட இயலாது, தொடவும் கூடாது. ஆனால் தமிழ் ஆய்வுமாணவருள் எத்தனை பேர் மீக்கணினியில் வேலை செய்கின்றனர்? தம் மடிக்கணினிக்குத் தாமே பணியாளர் என்னும் நிலையில் இருப்போரே ஏறத்தாழ எல்லாரும். பொறுப்பை ஒப்படைக்க அங்கே வேறோர் ஆள் இல்லை.

‘மேகத்தில் வைத்துவிட்டால் இத்தொல்லை இல்லை’ என்போரின் வாதத்தில் அந்த அளவு வலுவும் இல்லை. கூகுள் கோலாபில் ஒவ்வோர் அமர்வும் புதிய பொறி; டிரைவை ஒவ்வொரு முறையும் பொருத்தவேண்டும். நிலைப்பு என்பதே அங்கே கிடையாது. ஒன்றை மட்டும் அதற்குச் சார்பாகச் சொல்லலாம்: பொருத்தவேண்டிய அடைவில் முன்னரே கோப்புகள் இருந்தால் கோலாப் பொருத்த மறுத்துப் பிழைச்செய்தி தரும். லினக்ஸின் மவுண்ட் கட்டளை அதையும் கேட்காது. மேலே போர்த்திவிட்டுப் போகும்.

எல்லாப் பொருத்தமும் நிலைக்கவேண்டும் என்பதும் இல்லை. களப்பணியில் பிறர் தரும் நினைவட்டையைப் படிக்க மட்டும் என்னும் தெரிவோடு ஒருமுறை பொருத்திப் பிரிப்பதே முறை. எது நிலைக்கவேண்டும், எது அமர்வோடு முடியவேண்டும் என்பதை ஆய்வாளர் அறிந்து முடிவுசெய்யவேண்டும்; தற்செயல் முடிவுசெய்யக் கூடாது.

தரவு இருக்கும் இடத்தைச் சொல்வது புலமையின் பகுதியா, ஏவலாளின் பகுதியா? தமிழ்ப் பதிப்புலகம் இக்கேள்வியை நூறாண்டுகளுக்கு முன்பே முடித்துவிட்டது. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், எந்தச் சுவடி எவரிடமிருந்து வந்தது என்பதைப் பதிவுசெய்தார். அதைக் கணக்கப்பிள்ளை வேலை என்று அவர் ஒதுக்கவில்லை. புனே தெக்காணக் கல்லூரியில் 1948இல் தொடங்கிய சமஸ்கிருதப் பேரகராதித் திட்டத்துக்கு ஏறத்தாழ 1 கோடிச் சீட்டுகள் திரட்டப்பட்டன. ஒரு சீட்டு உரிய இழுப்பறையில் இல்லையென்றால் அச்சொல்லாட்சி அகராதியில் இல்லை என்றே ஆகும் என்பதை அங்கே சீட்டெழுதியவர்கள் அறிந்திருந்தனர். அதே ஊரில், அதே மொழியியலின் பெயரால், இன்று எழுதப்படும் ஆய்வேட்டில் இழுப்பறை திறந்ததா என்றுகூடப் பார்க்கப்படுவதில்லை.

பார்ப்பதற்கு ஆகும் செலவு ஒரு வரி. ஓர் அடைவில் உண்மையில் ஏதேனும் பொருந்தியுள்ளதா என்பதைச் சொல்ல ‘மவுண்ட்பாயின்ட்’ என்றே ஒரு கட்டளை லினக்ஸில் உண்டு. நிரலின் முதல் வரியில் அதை அழைத்து, இல்லையென்றால் ஓட்டத்தை அங்கேயே நிறுத்தலாம். நிரலின் முடிவில் எத்தனை கோப்புகள் படிக்கப்பட்டன என்பதை வட்டாரவாரியாக அச்சிடலாம். அட்டவணையில் சுழியத்துக்கு அருகே ‘படித்த கோப்புகள்: 0’ என்று இருந்தால் எந்த நெறியாளரும் நிலப்படத்தை ஏற்கமாட்டார். எஃப்எஸ்டேப்பைத் திருத்தியபின் ‘ஃபைண்ட்மவுண்ட்’ கட்டளையின் சரிபார்ப்புத் தெரிவை ஓட்டினால் எழுத்துப்பிழைகள் மறுதொடக்கத்துக்கு முன்பே தெரிந்துவிடும். முதுகலை ஆய்வுநெறி வகுப்பில் ஒரு பிற்பகல் போதும் இவற்றைக் கற்பிக்க. அடிக்குறிப்பில் காற்புள்ளி எங்கே வரவேண்டும் என்பதற்கு அதைவிட அதிக நேரம் செலவாகிறது.

அதுவரை தேர்வாளர்கள் ஒன்று செய்யலாம். ‘காணப்படவில்லை’ என்னும் தொடர் வரும் ஒவ்வோர் இடத்திலும், அன்று எத்தனை கோப்புகளை நிரல் திறந்தது என்று கேட்கலாம். வாகட் மாணவியிடம் அக்கேள்வி கேட்கப்பட்டால் அவர் வீட்டுக்குப் போய் வட்டைப் பொருத்தி மீண்டும் ஓட்டுவார். கொங்குப் பதிவுகளில் அவ்வடிவம் இருந்தாலும் இருக்கலாம். உண்மையிலேயே இல்லாமலும் போகலாம். இரண்டில் எதுவாயினும் நான்காம் இயலை அவர் மீண்டும் எழுதவேண்டியிருக்கும்.